சர்நேம், தாடி, மல்லிகைப்பூ: பெங்களூர் ஆபீஸில் விதி எது, வழக்கம் எது

ஒவ்வொரு ஆண்டும் ஜூன், ஜூலையில் கல்லூரி முடித்த பிள்ளைகள் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பெங்களூருக்கு வந்து இறங்குகிறார்கள். எலக்ட்ரானிக் சிட்டி, ஒயிட்ஃபீல்டு, மான்யதா, பெல்லந்தூர் என்று பிரிந்துபோன ஒரு மாதத்துக்குள் தங்களுடையதாக இருந்த சிலவற்றைத் தாங்களே கைவிட்டுவிடுகிறார்கள். காலையில் இட்ட திருநீறு கேப் ஏறும்போதே அழிகிறது. செண்பகவல்லி ‘ஷான்’ ஆகிறாள். டப்பாவில் கருவாட்டுக் குழம்பு வருவது நிற்கிறது. இப்படிச் செய்யும்படி எந்த எச்.ஆரும் சொல்லியிருக்க மாட்டார். பக்கத்து சீட்டைப் பார்த்து, இதுதான் இங்கே முறைபோல என்று அவர்களே முடிவு செய்துகொண்டது. இந்த விட்டுக்கொடுத்தல்களில் பெரும்பாலானவை தேவையே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். எதை மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும், எதை மாற்ற வேண்டாம் என்று பிரித்துப் பார்க்கும் வழியை இங்கே எழுதுகிறேன்.

ஆபீஸில் நம்மைக் கட்டுப்படுத்துபவை மூன்று வகை. உடலுக்கோ பொருளுக்கோ கேடு வராமல் இருக்கப் போட்டவை ஒன்று. நிறுவனம் எழுத்தில் வைத்திருக்கும் பாலிசி இன்னொன்று. எழுத்தில் எங்கும் இல்லாமல், எல்லோரும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பது மூன்றாவது. முதல் வகையோடு வாதாடக் கூடாது. இரண்டாவதைப் படிக்கலாம், விளக்கம் கேட்கலாம், மாற்றச் சொல்லலாம். மூன்றாவதற்கு உரிமையாளரே கிடையாது. யாராவது ஒருவர் வேறு மாதிரி நடந்து, வேலையும் ஒழுங்காகப் போனால், சில வாரங்களில் அது தானாகத் தளர்ந்துவிடும்.

பெயரில் தொடங்குகிறேன். தமிழர்களுக்கு அதிகம் அடிபடுவது அங்கேதான்.

முருகேசன் மகன் கார்த்திகேயன் ஊரில் மு. கார்த்திகேயன். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியலோடு இருக்கும். ஆதாரில் பெயருக்குப் பின்னால் இனிஷியல் வரும். பான் விண்ணப்பத்தில் கடைசிப் பெயருக்கான கட்டத்தில் இனிஷியலைச் சுருக்கமாகப் போட முடியாது என்பதால், ஏஜென்ட் அங்கே ‘முருகேசன்’ என்று விரித்து எழுதிவிடுவார். சம்பளத்தில் வரி பிடிக்க வேண்டியிருப்பதால் ஆஃபர் லெட்டர் பெரும்பாலும் பான் பெயரைத்தான் பின்பற்றும். எச்.ஆர். மென்பொருளில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டங்கள்; இரண்டாவதைக் காலியாக விட அது ஒப்புக்கொள்ளாது. அதிலிருந்து மெயில் ஐ.டி. உருவாகும்போது பல நிறுவனங்களில் கடைசிப் பெயர் முன்னால் வரும். முதல் நாளே வெளிநாட்டு கிளையன்ட் ‘ஹாய் முருகேசன்’ என்று எழுதுவார். பையன் கூச்சப்பட்டுக்கொண்டு பதில் போடுவான். அதன் பிறகு அந்த ப்ராஜெக்ட் முடியும்வரை அவன் அப்பா பெயரில்தான் வேலை செய்வான். கல்யாணத்துக்குப் பின் இனிஷியலை மாற்றிய பெண்களுக்கு இதே இடத்தில் கணவர் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இதைச் சரிசெய்ய நல்ல நேரம், ஆஃபரை ஏற்றுக்கொண்டதற்கும் சேரும் நாளுக்கும் இடைப்பட்ட காலம். அப்போது வரும் ஆன்போர்டிங் படிவத்தில் ‘ப்ரிஃபர்டு நேம்’ அல்லது ‘டிஸ்ப்ளே நேம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா பாருங்கள். வொர்க்டே போன்ற மென்பொருள்களில் அந்த வசதி உண்டு. இல்லையென்றால் எச்.ஆருக்கு ஒரு மெயில் போதும்: ‘சட்டப்படியான பெயர் பானில் உள்ளபடியே இருக்கட்டும், மெயில், டீம்ஸ், ஐ.டி. கார்டு மூன்றிலும் கார்த்திகேயன் எம். என்று வர வேண்டும்.’ ஐ.டி. கார்டு அச்சாவதற்கு முன் இது போய்ச் சேர வேண்டும். சேர்ந்த பிறகு மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு தப்பைச் செய்கிறார்கள்: ஐ.டி. டீமுக்கு டிக்கெட் போட்டு அவுட்லுக்கில் மட்டும் மாற்றச் சொல்வார்கள். மறுநாள் பழைய பெயர் திரும்பி வந்து நிற்கும். எச்.ஆர். மென்பொருளிலிருந்து விவரங்கள் தினமும் தானாக இறங்கி மற்றவற்றின் மேல் எழுதிவிடுவதுதான் காரணம். அதனால் முதலில் எச்.ஆர். பதிவு, பிறகுதான் மற்றவை. மெயில் முகவரியையே மாற்றினால் பழையதை ‘அலையாஸ்’ ஆக வைத்திருக்கச் சொல்லுங்கள், பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள் தொலையாமல் இருக்கும்.

சம்பளச் சீட்டு, ஃபார்ம் 16, பி.எஃப்., காப்பீட்டு அட்டை, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், விசா மனு இவற்றில் சட்டப்படியான பெயர்தான் நிற்கும். அங்கே பிடிவாதம் பிடிக்கக் கூடாது. ஆனால் எல்லா ஆவணங்களிலும் அது ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். முதலில் ஆதார். அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும் என்பதால் யோசித்து மாற்றுங்கள். பிறகு பான், அதன்பின் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண் என்ற வரிசை. பி.எஃப். பெயரும் ஆதார் பெயரும் ஒத்துப்போகாமல் கிளெய்ம் தள்ளுபடியாகி வந்து நிற்பவர்களில் இனிஷியல்காரர்கள் ஏராளம். பான் விண்ணப்பத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது. ஒரே பெயர் உள்ளவர்கள் தங்கள் பெயரையே கடைசிப் பெயர் கட்டத்தில் எழுதிவிட்டு முதல் பெயரைக் காலியாக விடலாம். அப்பா பெயருக்குத் தனி இடம் அந்தப் படிவத்திலேயே உண்டு.

பாஸ்போர்ட் வேறு கணக்கு. சர்நேம் காலியாக உள்ள இந்திய பாஸ்போர்ட்டுக்கு அமெரிக்க விசா வரும்போது உங்கள் பெயர் சர்நேமுக்குப் போய், முதல் பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகும். ‘முதல் பெயர் தெரியவில்லை’ என்று அதற்குப் பொருள். அங்கே வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றிலும் அதுவே தொடரும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்கு விசிட், டூரிஸ்ட் விசாவில் அனுமதியில்லை என்று அறிவித்தது. ஆன்சைட், அதாவது வெளிநாட்டு கிளையன்ட் இடத்துக்கு, போகும் வாய்ப்புள்ள வேலையில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டில் மட்டும் அப்பா பெயரைச் சர்நேமாகப் பிரித்துவைப்பது நல்லது. விமான நிலையத்துக்கான ஏற்பாடு அது. மீட்டிங்கில் உங்களை எப்படி அழைக்க வேண்டும் என்பதை அது தீர்மானிக்க வேண்டியதில்லை.

‘ஃபுல் நேம் என்ன? சர்நேம்?’ என்ற கேள்வியும் வரும். கேட்பவர் பலருக்கு அது வெறும் பழக்கம். சிலருக்கு சாதியைத் தெரிந்துகொள்ளும் வழி. தமிழர் பெயருக்குப் பின்னால் சாதி ஒட்டாமல் இருப்பது தற்செயலாக நடந்ததில்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பெரியாரும் தன் பெயரிலிருந்த நாயக்கரை விட்டார். இனிஷியல் ஒரு குறைபாடு என்பதுபோலத் தலைகுனிந்து பதில் சொல்லும் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை. ‘எங்களுக்குச் சர்நேம் கிடையாது. எம் என்பது அப்பா பெயரின் முதல் எழுத்து. கார்த்திகேயன் என்று கூப்பிடுங்கள்’ என்று மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டு வேலையைப் பார்க்கலாம். பெயரைச் சுருக்குவதாக இருந்தால் நீங்களே சுருக்குங்கள். அடுத்தவர் வாய்க்கு வந்தபடி விட்டால் அதுவே நிலைத்துவிடும். உச்சரிப்பைச் சொல்லிக்கொடுக்க லிங்க்ட்இன் செயலியில் 10 நொடிக்குள் பெயரைப் பேசிப் பதியும் வசதி இருக்கிறது. புது டீமில் சேர்ந்த முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

இனி தோற்றம். இங்கே முதல் வகைக் கட்டுப்பாடுகளை முதலில் ஒதுக்கிவைப்போம். பீன்யா தொழிற்பேட்டையில் லேத், பிரஸ் ஓடும் இடத்தில் தாலிச் செயின், துப்பட்டா, தொங்கும் கைப்பகுதி எல்லாம் உயிருக்கு உலை. 2025 நவம்பர்வரை நடப்பிலிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 22ஆம் பிரிவே, ஓடும் இயந்திரத்தைச் சோதிப்பவர், அதற்கு எண்ணெய் போடுபவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றது. மின்னணு போர்டு அசெம்பிளி செய்யும் இடத்தில் பாலியஸ்டர், நைலான் துணியில் தேங்கும் நிலைமின்சாரம் சிப்பைக் கெடுக்கும். அங்கே கோட்டும், அந்த மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் ஹீல் ஸ்டிராப்பும் கட்டாயம், வெறுங்கால் முடியாது. முகத்தோடு ஒட்டிப் பிடிக்க வேண்டிய என்95 மாஸ்க் தாடி மேல் ஒட்டாது, ஒரு நாள் மழிக்காத முடி இருந்தால்கூடக் காற்று கசியும். சமையலறையில் வளையல், மோதிரம், நகப்பூச்சு வேண்டாம் என்பது உணவில் விழும் என்பதால்.

இவை எதுவும் இல்லாத சாதாரண ஐ.டி. ஆபீஸில் என்ன விதி? இன்ட்ராநெட்டில் எச்.ஆர். பாலிசி பகுதியில் ‘டிரஸ் கோட்’ அல்லது ‘கோட் ஆஃப் காண்டக்ட்’ என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒன்றரைப் பக்கம்தான் இருக்கும். ‘பிசினஸ் கேஷுவல்’ என்று சொல்லிவிட்டு ஷார்ட்ஸ், ரப்பர் செருப்பு, கிழிந்த ஜீன்ஸ், வாசகம் அச்சிட்ட டி-ஷர்ட் கூடாது என்று நான்கைந்தைப் பட்டியல் போட்டிருப்பார்கள். டை கட்டிய காலம் போய்விட்டது. இன்ஃபோசிஸே 2015 ஜூனில் வாரம் முழுவதும் பிசினஸ் கேஷுவல் என்று தளர்த்தியது. அந்தப் பட்டியலில் திருநீறு, குங்குமம், மெட்டி, பூ, ருத்திராட்சம், கருங்காலி மாலை எதுவும் இருக்காது. எழுதியிராத ஒன்றைத் தடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூ விஷயத்தில் ஒன்றே ஒன்று: மூடிய மீட்டிங் அறையில் மல்லிகை வாசனை சிலருக்குத் தலைவலி தரும். ஒரு முழத்துக்குப் பதில் நான்கு கண்ணி வைத்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

கார்த்திகை மாதம் ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் கேள்வி. நவம்பர் நடுவில் தொடங்கி மண்டல பூஜைவரை 41 நாள். தாடி, கறுப்பு உடை, வெறுங்கால். பலர் சேர்ந்த புதிதில் இதனாலேயே மாலையைத் தள்ளிப்போடுகிறார்கள். தள்ளிப்போட வேண்டியதில்லை. கறுப்புச் சட்டையும் கறுப்புப் பேன்ட்டும் எந்த பிசினஸ் கேஷுவலுக்கும் பொருந்தும். மாலையைச் சட்டைக்குள் போடலாம், வெளியிலும் போடலாம். தாடியை எந்த ஐ.டி. பாலிசியும் பெரும்பாலும் தடுப்பதில்லை. காலணிதான் சிக்கல்: ‘மூடிய காலணி அவசியம்’ என்று சில பாலிசியில் இருக்கும், லேபிலும் டேட்டா சென்டரிலும் பாதுகாப்புக்காகவே இருக்கும். மாலை போடுவதற்கு ஒரு வாரம் முன்பே மேனேஜரிடம் தேதிகளைச் சொல்லுங்கள். அந்த 41 நாளில் கிளையன்ட் விசிட் இருக்கிறதா, லேபில் வேலை இருக்கிறதா என்று சேர்ந்து பாருங்கள். முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலான மேனேஜர்கள் ஒத்துழைப்பார்கள். தாடி வளர்ந்த பின் காரணம் சொன்னால் அது சாக்குபோலக் கேட்கும். தைப்பூசத்துக்கும் மேல்மருவத்தூருக்கும் இதே முறைதான்.

கிளையன்ட் இடத்தில் உட்கார்ந்து வேலை செய்யும் வெண்டர் ஊழியர்களுக்கு இரண்டு பாலிசிகள் உண்டு. இடம் யாருடையதோ அவர்கள் விதிதான் மேலே நிற்கும். அதனால் உங்கள் நிறுவன ஹேண்ட்புக்கை மட்டும் படித்துவிட்டு வாதாடாதீர்கள்.

டாட்டூவில் ஐ.டி. துறையில் கவலை இல்லை. ஆனால் மத்திய ஆயுதப் படைகளுக்கு எஸ்.எஸ்.சி. ஜி.டி. காவலர் தேர்வு எழுதும் எண்ணம் இருந்தால் கையில் குத்துவதற்கு முன் அறிவிக்கையைப் படியுங்கள்: வணக்கம் வைக்காத இடது முன்கையின் உட்புறம், கையின் பின்புறம் போன்ற இடங்கள்தான் அனுமதி, அளவு அந்தப் பகுதியில் நாலில் ஒன்றுக்கும் குறைவாக இருக்க வேண்டும். விமானப் பணிப்பெண், பணியாளர் வேலைகளில் சீருடைக்கு வெளியே தெரிவதைப் பார்ப்பார்கள்.

சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்? உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில், ஒருவரின் தோற்றமும் உடைத் தேர்வும் அரசமைப்பின் 19(1)(அ) தரும் கருத்துரிமையில் அடங்கும் என்றது. அது திருநர் உரிமை பற்றிய வழக்கு. அதன் வழியில் வந்த 2019 சட்டம் தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும்: 9ஆம் பிரிவு வேலையில் பாகுபாட்டைத் தடுக்கிறது, 11ஆம் பிரிவு ஒவ்வொரு நிறுவனமும் புகார் அதிகாரி ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. மற்றபடி தனியார் நிறுவன டிரஸ் கோடை எதிர்த்து நீதிமன்றம் போவது நீண்ட, செலவான வேலை. படைகளில் இன்னும் இறுக்கம். விமானப்படை வீரர் தாடி வைக்க அனுமதி கேட்ட வழக்கை 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கர்நாடகத்தில் பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் தெளிவாக்குகிறேன். 2022 பிப்ரவரி 5 அரசாணையும் அதையொட்டிய ஹிஜாப் வழக்கும் கல்வி நிறுவனச் சீருடை பற்றியவை. அலுவலகத்தில் ஹிஜாப் அணியும் பெண்ணிடம் அதைக் காட்டிக் கேள்வி கேட்க இடமில்லை.

பெண்களின் உடை பற்றி மேனேஜர் வாய்ப்பேச்சாகக் கருத்துச் சொல்வது தனி விஷயம். டிரஸ் கோடில் பிரச்சினை என்றால் எச்.ஆர். எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டு எழுத்தில் சொல்ல வேண்டும். ‘இந்த டிரஸ்ஸில் நீ...’ என்று தொடங்கும் பாலியல் சாயல் கொண்ட பேச்சு 2013 பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். பத்து பேரோ அதற்கு மேலோ உள்ள எந்த அலுவலகத்திலும் இந்தப் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் நீட்டிக்கலாம். யோசித்துப் பார்ப்போம் என்று நாளைக் கடத்திவிட்டு வருகிறவர்கள் அதிகம். அதனால்தான் இந்தக் கணக்கை அழுத்திச் சொல்கிறேன்.

சாப்பாடு விரைவாக. சில ஆபீஸ்களில் பேன்ட்ரியில் அசைவம் கூடாது என்று எழுதியே வைத்திருப்பார்கள். இல்லாத இடத்தில் தாராளமாகக் கொண்டுபோங்கள். கருவாட்டையும் மீனையும் மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள். சென்ட்ரல் ஏசி உள்ளேயுள்ள காற்றையே பெரும்பாலும் சுற்றவிடுவதால் வாசனை ஃப்ளோர் முழுக்க அரைமணி நேரம் நிற்கும். ஹாட் பாக்ஸில் சூடாகக் கொண்டுபோனால் இந்தப் பேச்சே எழாது.

பேச்சுக்கு வருகிறேன். பி.பி.ஓ. பயிற்சியில் ‘எம்.டி.ஐ.’ என்று மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். தாய்மொழியின் சாயல் என்பதற்கு அவர்கள் வைத்த பெயர். எல்லாச் சாயலையும் துடைத்துப்போட முயல்வது வீண்வேலை, பாதி அமெரிக்கா பாதி மதுரை என்று செயற்கையாகிவிடும். புரிதலைக் கெடுப்பவை சில மட்டுமே. ஆங்கிலத்தின் K, G ஒலிகள் சொல்லின் நடுவிலும் கடைசியிலும் நம் வாயில் ஒன்றாகிவிடுகின்றன. P–B, T–D இணைகளுக்கும் இதே கதி. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழம்புவது அழுத்தத்தை எங்கே வைக்கிறோம் என்பதால். எண்ணைச் சொல்லும்போது ‘ஒன் ஃபைவ்’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். மெய்யெழுத்தில் முடியும் சொல்லின் கடைசியில் ஒரு ‘உ’ சேர்ப்பது இன்னொன்று. இவற்றோடு வேகத்தையும் குறைத்தால் போதும். ட வரும் இடத்தில் நாக்கு வளைவதையோ வாக்கியம் ஏறி இறங்கும் தமிழ் ராகத்தையோ விட வேண்டியதில்லை.

ஆபீஸில் தமிழில் பேசலாமா? இரண்டு தமிழர்கள் டீக்கடையிலும் தங்கள் சீட்டிலும் தமிழ் பேச யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். வேலைப் பேச்சில் தமிழ் தெரியாத மூன்றாமவர் சேர்ந்தால் அந்த வாக்கியத்திலேயே மொழியை மாற்றுங்கள். தமிழில் பேசி எடுத்த முடிவை டீம் சேனலில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். டீமில் ‘தமிழ் கேங்’ என்ற மனக்கசப்பு தொடங்குவது பெரும்பாலும் அந்த ஒரு வரி விடுபடும்போதுதான். கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள். செக்யூரிட்டி, கேப் டிரைவர், கேன்டீன் அக்காவிடம் ‘ஊட்ட ஆய்தா’ (சாப்பிட்டாச்சா) என்று தொடங்கினாலே போதும், மீதியை அவர்களே சொல்லித்தருவார்கள். இந்த ஊரில் உங்கள் மொழியோடு நிமிர்ந்து இருக்க, இந்த ஊர் மொழிக்கும் மரியாதை தர வேண்டும்.

ஆபீஸுக்கு வெளியே எழுதுகிறவர்கள், யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள், பறை கற்றுக்கொடுப்பவர்கள் வேலை ஒப்பந்தத்தில் இரண்டு பத்திகளைத் தேடிப் படிக்க வேண்டும்: வெளிவேலை பற்றியது, அறிவுசார் சொத்துரிமை பற்றியது. இரண்டாவதில் ‘பணிக்காலத்தில் உருவாக்கும் எல்லாமும்’ என்று அகலமாக எழுதியிருந்தால், கையெழுத்துக்கு முன் உங்கள் சேனல், கவிதை, இசை இவற்றை விலக்குப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆபீஸ் லேப்டாப்பைத் தொடாதீர்கள், வீடியோவில் ஐ.டி. கார்டோ லோகோவோ தெரியக் கூடாது. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964 நடத்தை விதிகளின் 15ஆம் விதி, எப்போதாவது செய்யும் இலக்கிய, கலை, அறிவியல் வேலைக்கு முன்அனுமதி தேவையில்லை என்கிறது. எச்.ஏ.எல்., பி.இ.எல். போன்ற பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தனி விதிகள். அவற்றைத் தனியே பார்க்க வேண்டும்.

கடைசியாக, கேட்கும் முறை. ‘இதைச் செய்யலாமா?’ என்று கேட்டால் ‘வேண்டாமே’ என்பதுதான் எந்த மேனேஜருக்கும் சுலபமான பதில். ‘இந்தத் தேதியிலிருந்து இப்படிச் செய்யப்போகிறேன். பாலிசியில் தடை எதுவும் பார்க்கவில்லை. இருந்தால் எந்தப் பிரிவு என்று சொல்லுங்கள்’ என்று எழுதுங்கள். வாயால் யாராவது தடுத்தால் அன்றைக்கே ‘நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன், சரியா?’ என்று ஒரு மெயில் அனுப்புங்கள். அப்ரைசலில் ‘கல்ச்சர் ஃபிட் இல்லை’, ‘எக்ஸிக்யூட்டிவ் பிரசன்ஸ் போதாது’ என்று வந்தால் அப்படியே வாங்கிக்கொண்டு வராதீர்கள். எந்த மீட்டிங், என்ன நடந்தது, அடுத்த காலாண்டில் எது மாறினால் சரி என்று கேளுங்கள். பதிலில் வேலை சம்பந்தப்பட்டது இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பொட்டும் பேச்சும் மட்டுமே இருந்தால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடப்பிலுள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி 20 தொழிலாளரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் இருதரப்பும் சம எண்ணிக்கையில் உள்ள குறைதீர் குழு இருக்க வேண்டும். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் அங்கே மனு தரலாம், குழு 30 நாளில் முடிக்க வேண்டும். மேலாளர் பொறுப்பில் இருப்பவர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள், அவர்களுக்கு எச்.ஆரும் நிறுவனத்தின் எதிக்ஸ் ஹாட்லைனும்தான் வழி.